அசெம்பிள்டு பெட்டிக்குள் ஆப்பிள் வந்த கதை

உடையார்பாளையத்திலோ ஜெயங்கொண்டத்திலோ ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பதாகச் சொன்னால் அடுத்த கேள்வி, "பிராண்டடா, அசெம்பிள்டா?" என்பதுதான். நம் பக்கத்தில் பத்திரிகை அடித்தது, பத்திரம் டைப் செய்தது, பிள்ளைகள் டேலி படித்தது எல்லாம் பெரும்பாலும் அசெம்பிள்டு பெட்டிகளில்தான். பலகை ஒரு கம்பெனி, சிப் இன்னொரு கம்பெனி, டப்பா மூன்றாவது கம்பெனி. திருப்புளி பிடிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

ஆனால் ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டரை மட்டும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அது கடையில் வாங்க வேண்டிய பொருள். அதன் மேக் ஓஎஸ் என்ற இயக்க மென்பொருள் ஆப்பிள் பெட்டியில் மட்டுமே ஓடும். இதுதான் விதி. இந்த விதியைத் தாண்டி, ரிச்சி தெருவில் வாங்கிய இன்டெல் பலகையில் மேக் ஓஎஸ் ஓடிய காலம் ஒன்று இருந்தது. ஹாக், மெக்கின்டாஷ் என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி அதற்கு 'ஹாக்கின்டாஷ்' என்று பெயர் வைத்தார்கள். சுமார் இருபது வருடம் நடந்த அந்தக் கதை இப்போது முடியப் போகிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் படிக்கலாம், நம் தலைமுறைக்குப் பழக்கமான ஒரு கேள்விதான் இதற்குள்ளும் இருக்கிறது.

ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலம்

வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் புத்தகம் வேண்டும் என்ற காலம் நமக்கு நினைவிருக்கும். வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும். அந்த நாளிலேயே சென்னை மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருவில் காயில், கண்டென்சர், டிரான்சிஸ்டர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். வாங்கி வந்து சால்டரிங் அயர்ன் வைத்துப் பற்றவைத்தால் திருச்சி வானொலி பேசும். நானும் அப்படித்தான் கை பழகினேன்.

பிறகு தொலைபேசித் துறையில் வேலை. 1984-இல் தொடங்கிய சி-டாட் வடிவமைத்த 128 போர்ட் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் வந்தபோது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஏ.சி. அறை தேவையில்லை, நம் ஊர்ப் புழுதியிலும் வெயிலிலும் ஓடும். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. சி-டாட் தன் வடிவமைப்பைப் பூட்டி வைக்கவில்லை, பல உற்பத்தியாளர்களுக்கு லைசென்ஸில் கொடுத்தது. பெட்டியின் மேல் பெயர் வேறு வேறாக இருக்கும். உள்ளே இருக்கும் அறிவு ஒன்றுதான்.

ஒரு வடிவமைப்பைத் திறந்து வைப்பதா, பூட்டி வைப்பதா? கம்ப்யூட்டர் உலகம் இரண்டாகப் பிரிந்ததும் இதில்தான்.

திறந்த பெட்டி, பூட்டிய பெட்டி

ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்டது. அவசரமாகச் செய்ததால் சொந்தச் சிப் செய்யாமல் இன்டெல்லின் 8088 சிப்பையும், கடையில் கிடைத்த மற்றப் பாகங்களையும் வைத்தே கட்டினார்கள். ஐபிஎம்முக்கே உரியது என்று இருந்தது பயாஸ் என்ற சிறு நிரல் மட்டும்தான், பெட்டிக்கு மின்சாரம் போனதும் முதலில் விழிப்பது அது. காம்பாக் கம்பெனி அதற்கும் வழி கண்டுபிடித்தது. ஒரு குழு அந்தப் பயாஸ் என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. மூல நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அதே வேலையைச் செய்யும் புதிய பயாஸை எழுதியது. சட்டப்படி இது நகல் இல்லை. 1984-இல் ஃபீனிக்ஸ் கம்பெனியும் இதே முறையில் ஒரு பயாஸ் எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. பிறகு உலகமெங்கும் அசெம்பிள்டு பெட்டிதான்.

நம் நாட்டில் 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதி வரியைக் குறைத்தது. ரேடியோ பாகம் விற்ற ரிச்சி தெரு மெல்ல மெல்லக் கம்ப்யூட்டர் பாகம் விற்கும் தெருவானது. நம் ஊர் வரைக்கும் பெட்டி வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

ஆப்பிள் போனது எதிர்த் திசையில். ஆப்பிள் 2 கம்ப்யூட்டரை நகலெடுத்த ஃபிராங்க்ளின் என்ற கம்பெனி மீது வழக்குப் போட்டு, சிப்புக்குள் எழுதப்பட்ட இயக்க நிரலுக்கும் காப்புரிமை உண்டு என்று 1983-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியது. 1984 ஜனவரி 24 அன்று மெக்கின்டாஷ் வந்தது. சிப் மோட்டோரோலா 68000, நினைவகம் 128 கிலோபைட். இயக்க மென்பொருளின் முக்கியப் பகுதி பலகையிலேயே ஒரு சிப்புக்குள் இருந்தது. பெட்டியைத் திறக்க நட்சத்திர முனை உள்ள நீளமான தனித் திருப்புளி வேண்டும். வாங்கியவர் திறந்து பார்க்கட்டும் என்று செய்த பெட்டி இல்லை அது.

ஆனாலும் நாம் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். நம் ஊர் டிடிபி கடைகளில் பாமினி எழுத்தில் கல்யாணப் பத்திரிகை தயாரித்த பேஜ்மேக்கர் மென்பொருள் 1985-இல் முதலில் மேக்குக்காகத்தான் எழுதப்பட்டது. விண்டோஸுக்கு வந்தது 1987-இல்.

நடுவில் ஒரு முறை ஆப்பிளும் கதவைத் திறந்து பார்த்தது. விற்பனை சரிந்துகொண்டிருந்த நேரம், 1995-இல் பவர் கம்ப்யூட்டிங் போன்ற கம்பெனிகளுக்கு மேக் போலவே பெட்டி செய்ய லைசென்ஸ் கொடுத்தது. அவர்கள் இன்னும் வேகமான பெட்டியைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். புது வாடிக்கையாளர் வருவார் என்று நினைத்தால் ஆப்பிளின் பழைய வாடிக்கையாளரே அங்கே போய்விட்டார். 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ், பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் தொழிலைப் பத்துக் கோடி டாலருக்கு வாங்கி அந்தத் திட்டத்தையே மூடினார். கதவு மறுபடியும் சாத்தப்பட்டது.

2005-இல் விழுந்த விரிசல்

2005 ஜூன் 6 அன்று ஜாப்ஸ் மேடையேறி, மேக் இனி இன்டெல் சிப்பில் ஓடும் என்று அறிவித்தார். ஐந்து வருடமாகவே உள்ளுக்குள் இரகசியமாக ஒவ்வொரு பதிப்பையும் இன்டெல்லுக்கும் சேர்த்தே தயாரித்து வந்ததாகவும் சொன்னார். அதற்கு முன் மேக்கில் இருந்தது பவர்பிசி சிப், அதன் மொழியே வேறு. இன்டெல் என்றால் ரிச்சி தெருவில் விற்கும் அதே சிப்!

மென்பொருள் எழுதுபவர்களுக்குச் சோதனைப் பெட்டிகளை 999 டாலருக்கு ஆப்பிள் வாடகைக்குக் கொடுத்தது. உள்ளே இருந்தது சாதாரண பென்டியம் 4. சில மாதங்களில் அதிலிருந்த மென்பொருள் வெளியே கசிந்து வேறு பெட்டிகளில் ஓட ஆரம்பித்தது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் ஐமேக் விற்பனைக்கு வந்தபோது ஆப்பிள் பூட்டை இறுக்கியிருந்தது. ஒவ்வொரு மேக்கிலும் விசிறி வேகத்தையும் வெப்பத்தையும் கவனிக்க எஸ்எம்சி என்ற சிறு சிப் உண்டு. அதில் ஒரு இரகசியச் சாவியை வைத்தார்கள். மென்பொருளின் முக்கியமான சில பகுதிகள் சங்கேதமாக எழுதப்பட்டிருக்கும், அந்தச் சாவி இருந்தால்தான் அவை விரியும். இந்தப் பூட்டைக் கவனிக்கும் நிரலுக்கு ஆப்பிள் வைத்த பெயரே 'மேக் ஓஎஸ்-ஐத் திருடாதே' என்ற பொருளில் இருக்கும். பூட்டை உடைப்பவர் படிக்கட்டும் என்று உள்ளே ஒரு குட்டிக் கவிதையும் வைத்திருந்தார்கள். படிக்க வேண்டியவர்கள் படித்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவர்கள் செய்ததை எளிதாகச் சொல்கிறேன். மேக் ஓஎஸ் விழித்ததும் மூன்று கேள்வி கேட்கும். முதலாவது, நீ யார்? இரண்டாவது, சாவி எங்கே? மூன்றாவது, உன் ஒலி, திரை, நெட் பாகங்கள் எனக்குத் தெரிந்தவைதானா? பெட்டிக்கும் மேக் ஓஎஸ்ஸுக்கும் நடுவில் ஒரு சிறு நிரல் நின்று இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும். முன்பு கமீலியன், அப்புறம் குளோவர், 2019 முதல் ஓப்பன்கோர் என்று அந்த இடைத்தரகருக்குப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. முதல் கேள்விக்கு, "நான் 2020-ஆம் வருட ஐமேக்" என்று ஒரு அடையாள அட்டையை நீட்டும், ரேஷன் கடையில் கார்டைக் காட்டுவது மாதிரி. இரண்டாவது கேள்விக்கு எஸ்எம்சி போலவே பேசும் நிரல் ஒன்று பதில் சொல்லும். மூன்றாவதுக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் 'கெக்ஸ்ட்' என்ற சிறு இணைப்பு நிரல் உண்டு. எல்லாம் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். மேக் ஓஎஸ் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை.

இத்தனையும் சம்பளம் வாங்காதவர்கள், உலகின் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்தது. எக்ஸ்சேஞ்சில் இரவு முழுக்க ஒரு கார்டின் கோளாறைத் தேடியவன் என்பதால் அந்த உழைப்பின் அருமை எனக்குத் தெரியும்.

விற்கப் போனவர்கள் கதி

2008 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற கம்பெனி இதையே வியாபாரமாக்கியது. 399 டாலருக்கு ஒரு பெட்டி, மேக் ஓஎஸ் ஓடும் என்ற விளம்பரத்தோடு. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. "ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஒரிஜினல் டிஸ்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம், பிறகு என்ன தப்பு?" என்பது சைஸ்டாரின் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அவர்கள் ஒரு மேக் மினியிலிருந்து ஒரு மூலப் பிரதியைத் தயாரித்து, அதை மாற்றி, அதையே எல்லாப் பெட்டியிலும் நகலெடுத்திருந்தார்கள். கூடவே கொடுத்த டிஸ்க் உறையைப் பிரிக்காமலே இருந்தது. 2009-இல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம். விற்பனைக்கு நிரந்தரத் தடை வந்தது. 2011-இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

ஆப்பிளின் ஒப்பந்தத்தில் இன்றும் அந்த வரி இருக்கிறது. மேக் ஓஎஸ்ஸை ஆப்பிள் பெயர் போட்ட கம்ப்யூட்டரில் மட்டுமே நிறுவலாம். 2013 முதல் மேக் ஓஎஸ்ஸுக்குத் தனி விலையும் கிடையாது, பெட்டி விலையிலேயே அது அடக்கம். ஆகவே, "காசு கொடுத்து வாங்கினேன்" என்ற வாதத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. ஹாக்கின்டாஷ் கட்டுபவர் ஒப்பந்தத்தை மீறித்தான் கட்டுகிறார். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

நம் தெருவில் ஒரு பெட்டி

பிறகு ஏன் கட்டினார்கள்? எங்கள் தெருவில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். என்னைப் பெரியப்பா என்பான். பைனல் கட் என்ற எடிட்டிங் மென்பொருள் அப்போது மேக்கில் மட்டுமே ஓடியது, அதில் வேலை மளமளவென்று முடியும். ஆல்பத்துக்கும் வீடியோவுக்கும் முகூர்த்த மாதங்களில் நெருக்குவார்கள். ஆடியிலும் மார்கழியிலும்தான் அவனுக்கு மூச்சு விட நேரம். மேக் வாங்கக் கையில் பணமில்லை. 2021 ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஆட்கள் குறைந்து வருமானம் படுத்த நேரத்தில், பத்தாம் தலைமுறை இன்டெல் ஐ5 சிப் போட்டு ஒரு பெட்டி கட்டினான்.

அந்தத் தலைமுறையைத் தேர்ந்ததில் விஷயம் இருக்கிறது. ஆப்பிள் தன் மேக்கில் கடைசியாக வைத்த இன்டெல் டெஸ்க்டாப் சிப் பத்தாம் தலைமுறைதான். சிப்புக்குள்ளேயே இருக்கும் திரைப் பகுதியையும் மேக் ஓஎஸ்ஸுக்குத் தெரியும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். அந்த வருடம் கிராபிக்ஸ் கார்டு விலை கிரிப்டோ காசு தோண்டுபவர்களால் வானத்தில் இருந்ததால் அது பெரிய மிச்சம். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தான், சிஎஃப்ஜி லாக் என்ற பூட்டை எடுத்தான், ஓப்பன்கோர் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியாகச் சரி பார்த்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் நாள் திரையில் ஆப்பிள் சின்னம் வந்தது.

தமிழ்த் தலைப்பு ஒன்று அடித்துக் காட்டினான். எழுத்துருவின் பெயர் 'தமிழ் சங்கம் எம்என்'. அந்த எம்என் யார் என்று கேட்டான். மலேசியாவின் முத்து நெடுமாறன், 1980-களிலேயே முரசு அஞ்சல் செய்தவர், அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் என்றேன். ஆப்பிளின் பூட்டிய பெட்டிக்குள்ளும் ஒரு தமிழரின் கைவேலை இருக்கிறது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரு சந்தோஷம்.

இரண்டு வருடம் அந்தப் பெட்டி அவன் குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஒரு வைகாசி மாதம், வேலை நெருக்கடியில், திரையில் வந்த அப்டேட் பொத்தானை அழுத்திவிட்டான். பெட்டி எழுத்து எழுத்தாக ஓடி ஒரு வரியில் நின்றுவிட்டது. எடிட் முடியாத இரண்டு கல்யாணம் கையில். பெண் வீட்டார் தினமும் போன். படக்கோப்புகள் தனி டிஸ்கில் இருந்ததால் பிழைத்தான். இரண்டு இரவு தூங்காமல் தேடிய பிறகுதான் புரிந்தது: இடைத்தரகரையும் கெக்ஸ்டுகளையும் முதலில் புதுப்பித்துவிட்டுத்தான் மேக் ஓஎஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். புதுப் பூட்டுக்குப் பழைய சாவி பொருந்தவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போக முடியாது, கேட்டால் என்ன சொல்வது? கட்டியவனே வைத்தியன். இந்தப் பெட்டியின் உண்மையான விலை அந்த இரண்டு இரவுகள்தான் என்பேன்.

கதவு சாத்தும் சத்தம்

இதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 2020 ஜூனில் ஆப்பிள் சொந்தச் சிப்புக்கு மாறப் போவதாக அறிவித்தது. நவம்பரில் எம்1 சிப்போடு முதல் மேக்குகள் வந்தன. 2023 ஜூனுக்குள் விற்பனையில் ஒரு இன்டெல் மேக்கும் இல்லை.

2021 கடைசியில் இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறை வந்தது. நல்ல வேகம். ஆனால் ஆப்பிள் அதை எந்த மேக்கிலும் வைக்காததால் மேக் ஓஎஸ்ஸுக்கு அது அந்நியன். இதிலும் ஓட வைத்தார்கள். "நான் பத்தாம் தலைமுறை" என்று சிப்பையே வேறு பெயர் சொல்ல வைத்தார்கள். ஆனால் உள்ளிருக்கும் திரைப் பகுதி வேலை செய்யாது, மேக் ஓஎஸ்ஸுக்குத் தெரிந்த ஏஎம்டி கார்டு ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். என்விடியாவின் புதுக் கார்டுகளுக்கோ 2018-லிருந்தே இடமில்லை. புதுச் சிப் வர வர, சொல்ல வேண்டிய பொய்யும் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயிற்று.

2025 ஜூனில் ஆப்பிள் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டது. டாஹோ என்ற 26-ஆம் பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசி மேக் ஓஎஸ். அடுத்த பதிப்பு ஆப்பிள் சிப் மொழியில் மட்டுமே பேசும். அந்தச் சிப் ரிச்சி தெருவில் கிடைக்காது.

தம்பி என்ன செய்தான்? புதிதாக ஒரு பெட்டி கட்டத்தான் கணக்குப் போட்டான். பன்னிரண்டாம் தலைமுறைச் சிப், பலகை, நினைவகம், ஏஎம்டி கார்டு என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால் பெரிய மிச்சமில்லை. 2024 கடைசியில் வந்த எம்4 மேக் மினியின் விலை அப்போது 59,900 ரூபாய்தான். அதை வாங்கிவிட்டான். பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டு பில் போடவும் நெகட்டிவ் ஸ்கேன் செய்யவும் வைத்திருக்கிறான். அந்தப் பெட்டியில் எட்டு ஜிபி நினைவகம் பதினாறாகி, பதினாறு முப்பத்திரண்டாகியிருக்கிறது. புது மினியில் நினைவகம் சிப்போடு சேர்ந்தே வரும், வாங்கிய நாளில் இருந்ததுதான் கடைசி வரைக்கும். நல்ல பெட்டிதான், சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஆனால், "உள்ளே பார்க்க ஒன்றுமில்லை பெரியப்பா" என்று அவன் சொன்னபோது குரலில் ஒரு குறை இருந்தது.

என் கருத்து

ஒப்பந்தத்தை மீறச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன். பிறர் எழுதிய மென்பொருளைப் பெட்டியில் போட்டு விற்பது தப்பு, சைஸ்டார் தோற்றது சரி. அவசரமான, மாற்றுத் தேதி இல்லாத வேலைக்கு இப்படிப்பட்ட பெட்டியை நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிட்டது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிளின் ஐபோன்கள் அசெம்பிள் ஆகின்றன. ஆம், அதே 'அசெம்பிள்' என்ற சொல்தான்! நம் கை ஆலைக்குள் சேர்த்தால் அது உலகத் தரம். அதே கை வீட்டில் வைத்துத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்ற பயம். சேர்க்கத் தெரிந்த கைக்குப் பழுது பார்க்கும் உரிமையும் வேண்டாமா? மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று, நுகர்வோர் தினத்தில், பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. கைபேசி, டிவி, டிராக்டர் கம்பெனிகள் பழுது பார்க்கும் விவரங்களை அதில் தர வேண்டும் என்பது நோக்கம். சரியான திசையில் ஒரு அடி.

ஹாக்கின்டாஷ் போகட்டும், அதற்காக நான் அழப் போவதில்லை. அந்தப் பெட்டியால் ஒரு பையன் பயாஸ் என்றால் என்ன, சாவி என்றால் என்ன, ஒரு கம்ப்யூட்டர் விழிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டான். இப்போது ஜெயங்கொண்டம் வரைக்கும் ஸ்டுடியோக்காரர்கள் பெட்டி நின்றுவிட்டால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். கடையில் மூடிய பெட்டியை வாங்கியிருந்தால் அந்த அறிவு அவனுக்கு வந்திருக்காது. உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பழைய அசெம்பிள்டு பெட்டியும் ஒரு திருப்புளியும் கொடுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். கெட்டால் கெடட்டும், அது ஏற்கெனவே பழையதுதானே.